தண்டவாளம் இல்லாத ஊரில் ஒரு ரயில்வே தாத்தா

சுங்கை புரோங்கில் ரயில் கிடையாது. தஞ்சோங் காராங்கைத் தாண்டி செகிஞ்சான் நோக்கிப் போகும் கடலோரச் சாலையில் வயல் இருக்கிறது, தென்னையும் செம்பனையும் இருக்கின்றன, திரும்பிய பக்கமெல்லாம் வாய்க்கால் இருக்கிறது. ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் ரவாங் பக்கம் போகவேண்டும். மலாயன் ரயில்வேயில் தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எங்கள் தாத்தா தம் கடைசிக் காலத்தை இந்த ஊரில்தான் கழித்தார். வேலை முடிந்த அன்றே ரயில்வே குவார்ட்டர்ஸும் முடிந்துபோகும். பாட்டியின் தம்பிமார் இங்கே தோட்டத்தில் இருந்ததால் அவர்கள் பக்கத்திலேயே ஒரு துண்டு நிலம் பார்த்து வீடு கட்டினார்.

எங்கள் கோலசிலாங்கூர் மாவட்டத்துக்கும் ஒரு காலத்தில் ரயில் ஓடியது. கிள்ளானிலிருந்து காப்பார் வழியாகக் கோலசிலாங்கூருக்கு ஒரு கிளைப்பாதை இருந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன்பே அதை மூடிவிட்டார்கள். இன்று காப்பாரில் வண்டி ஓட்டிக்கொண்டு போகும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

இந்த நாட்டில் முதல் ரயில் 1885 ஜூன் 1-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை ஓடியது. போர்ட் வெல்ட்தான் இன்றைய கோலசெபெத்தாங். அந்தப் பாதை போடுவதற்கே இலங்கையிலிருந்து ஆட்படை வந்தது. மறு ஆண்டு கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைத்தார்கள். அதற்குப் பிறகு ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலியில் யாழ்ப்பாணத்துக்காரர் உட்கார்ந்தார், தண்டவாளத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் நின்றார்கள். இருவரும் பேசியது தமிழ்தான். ஆனால் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசியதில்லை என்று தாத்தா சொல்வார். அதில் அவருக்குக் கசப்பும் இருந்தது.

தாத்தாவின் அப்பா தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது அவரும் போனார். பர்மா வரை 415 கிலோமீட்டர் நீளும் அந்தப் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் லாரியிலும் சரக்கு வண்டியிலும் ஏற்றப்பட்டார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. போனவர்களில் பல்லாயிரம் பேர் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் அங்கேயே முடிந்துபோனார்கள். கொள்ளுத்தாத்தாவும் திரும்பவில்லை. அப்போது தாத்தாவுக்குப் பத்து வயது இருக்கலாம்.

அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை வளர்ந்ததும் ரயில்வேயில் போய் ஏன் சேர்ந்தார் என்று ஒருமுறை கேட்டேன். "தோட்டத்துல இருந்தா கிராணி பிரட்டுல பேரு கூப்பிடுவான். ரயில்வேயில சேர்ந்தா கவர்மெண்டு வேலை, பென்சன் உண்டு. அப்பாவ நெனச்சா வயிறு நிறையுமா ஐயா?" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்க அவர் விட்டதில்லை.

அவர் சேர்ந்தது அவசரகாலத்தில், 1950-களின் தொடக்கத்தில். கம்யூனிஸ்டுகள் தண்டவாளத்தைக் கழற்றி வண்டியைக் கவிழ்த்த காலம் அது. பயணிகள் வண்டிக்கு முன்னால் கவச டிராலி போகும். ஆனால் விடிவதற்குள் பாதையைப் பார்த்து வரும் கேங் ஆளுக்குக் கவசம் ஏது? கையில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு, தோளில் சம்மட்டி, இடுப்பில் சிவப்புக் கொடி, பச்சைக் கொடி. செரண்டாவுக்கும் தஞ்சோங் மாலிமுக்கும் இடையிலான பகுதியில்தான் அவருடைய வேலைக்காலம் பெரும்பாலும் கழிந்தது. இரண்டு பக்கமும் ரப்பர் காடு, நடுவே ஒற்றைப் பாதை.

அந்த வேலையை அவர் எனக்குச் செய்தே காட்டியிருக்கிறார். கேங்கை மேற்பார்க்கும் மண்டோர் தண்டவாளத்தின் மேல் கன்னத்தைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுக்கப் பார்ப்பார். எங்கோ தூரத்தில் ஒரு கட்டை விரல்கடை அளவு இறங்கியிருந்தால்கூட அவர் கண்ணுக்குத் தட்டுப்படும். அங்கே ஒருவனை நிறுத்தி அடையாளம் வைப்பார். ஜாக்கி போட்டுத் தூக்கி, சிலிப்பர் கட்டைக்கு அடியில் ஜல்லியைச் செலுத்தி, நாலு பேர் எதிரும் புதிருமாக நின்று குத்துவார்கள். ஒருவன் பாட்டுக் கட்டுவான், அந்தத் தாளத்துக்குத்தான் கடப்பாரை இறங்கும். தாளம் தப்பினால் பக்கத்து ஆளின் கால் போய்விடும். தாத்தாவின் இடது பாதத்தில் பெருவிரலுக்கு நகமே இல்லை. "மழை பெஞ்சா மண்ணு ஊறும், மண்ணு ஊறுனா கட்ட எறங்கும், கட்ட எறங்குனா வண்டி ஆடும். அவ்வளவுதான் எங்க வேல" என்பார். சுங்கை புரோங்கில் வேலிக் கம்பு நட்டபோதும் முதல் கம்பின் அருகே குந்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் வரிசை பார்த்தார். அந்த வேலி இன்னும் நேராக நிற்கிறது.

அவர் பெருமையோடு சொன்ன இன்னொன்று 1962 டிசம்பரில் தொடங்கிய வேலைநிறுத்தம். நாள்கூலிக்காரர்களை மாதச் சம்பளத்துக்கு மாற்றவேண்டும் என்பது ரயில்வே தொழிலாளர்களின் கோரிக்கை. மறு ஆண்டு ஜனவரி வரை நாடு முழுக்க வண்டி நின்றது. அரிசிக்கடைக் கடன் ஏறியதை, பாட்டி தாலிக்கொடியை அடகு வைத்ததை, குவார்ட்டர்ஸில் நாலு வீட்டுக்கு ஒரு அடுப்பில் கஞ்சி கொதித்ததை அவர் சொல்லும்போது குரலே மாறிவிடும். மழை பெய்தால் கூலி இல்லை, காய்ச்சலில் படுத்தால் கூலி இல்லை என்று வாழ்ந்த மனிதனுக்கு மாதச் சம்பளம் என்பது வெறும் காசு விஷயமல்ல, அது மரியாதை.

இன்று அந்தப் பகுதியில் போய்ப் பார்த்தால் அவர் சொன்ன எதுவும் கண்ணில் படாது. ரவாங்கிலிருந்து ஈப்போ வரை இரட்டைப் பாதை, மேலே மின்கம்பி, கீழே கான்கிரீட் சிலிப்பர். ஜல்லி குத்த இயந்திர வண்டி வருகிறது. பாதையின் இரு பக்கமும் வேலி. நடந்து கடந்த கேட்டுகளுக்குப் பதில் மேம்பாலம். ஒற்றைப் பாதைக் காலத்தில், ஸ்டேஷன் மாஸ்டர் நீட்டும் வளையத்தை ஓட்டுநர் கையில் வாங்கினால்தான் அடுத்த ஸ்டேஷனுக்கு வண்டி நகரும். இப்போது கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் திரையைப் பார்த்துச் சிக்னல் கொடுக்கிறார். மலாயன் ரயில்வே 1992-இல் கேடிஎம் நிறுவனமாக மாறியது, 1995-இல் கொமுட்டர் ரயில் வந்தது, 2010-இல் ஈப்போவுக்கு ஈடிஎஸ் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு பத்துமலைக்கும் கொமுட்டர் போனது. தைப்பூசத்துக்கு இரவு முழுக்க ஓடும் அந்த வண்டியில் நம் சனம் காவடியோடு ஏறுவதைப் பார்த்தால் மனசு நிறைகிறது.

தாத்தாவை ஈடிஎஸ்ஸில் ஈப்போவுக்குக் கூட்டிப் போனோம். மணிக்கு 140 கிலோமீட்டர் வரை போகக்கூடிய வண்டி. வெளியே பார்ப்பார் என்று சன்னலோரம் உட்கார வைத்தால், அவர் இரண்டு பாதங்களையும் தரையில் பதித்துக் கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறாரோ என்று அக்கா குனிந்து பார்த்தாள். "நல்லாப் போட்டிருக்கான்மா. ஆட்டமே இல்ல" என்றார். குத்தும் இயந்திரத்தைப் பற்றிச் சொன்னபோது அவர் வருத்தப்படவில்லை. அந்தக் கடப்பாரையை எந்தப் பிள்ளையும் இனித் தொடவேண்டாம் என்பதுதான் அவர் விருப்பம்.

நானும் அதையேதான் சொல்வேன். நகம் போன பாதத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த வேலை திரும்பி வரவேண்டும் என்ற ஆசை வராது. என் வருத்தம் வேறு. தோட்டத்திலிருந்து வெளியேற நினைத்த, அதிகம் படிக்காத ஒரு தமிழ்ப் பையனுக்கு அன்று ரயில்வே என்று ஒரு கதவு இருந்தது. வீடு, பென்சன், குடும்பத்துக்கு இலவசப் பாஸ் எல்லாம் அதற்குள் இருந்தன. எங்கள் அம்மா பள்ளிக்கூடம் போனது அந்தப் பாஸில்தான். தோட்டங்கள் துண்டு துண்டாகி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசியும் குடிவந்து, நம் குடும்பங்கள் பட்டணத்து ஓரங்களுக்கு நகர்ந்தபோது அப்படி ஒரு கதவு திறந்திருக்கவில்லை. பிள்ளைகள் லாரி ஓட்டப் போனார்கள், பாதுகாவலர் வேலைக்குப் போனார்கள். உழைப்பில் குறையில்லை. ஆனால் ஓய்வுபெறும் நாளில் கையில் என்ன இருக்கும் என்று தெரிந்து உழைத்தவர் எங்கள் குடும்பத்தில் தாத்தா ஒருவர்தான்.

இப்போது கிழக்குக்கரை ரயில் பாதை கோத்தபாருவிலிருந்து கிள்ளான் துறைமுகம் வரை 665 கிலோமீட்டருக்குக் கட்டப்பட்டு வருகிறது. அது எங்கள் கோலசிலாங்கூர் மாவட்டத்துப் புஞ்சாக் ஆலமில் ஒரு நிலையம் வைத்து, காப்பாருக்கும் போகிறது. அந்த நிலையத்தில் நம் பிள்ளைகள் டிக்கெட் வாங்குவார்கள் என்பதில் சந்தேகமில்லை. சிக்னலும் மின்சாரமும் பாதைப் பராமரிப்பும் படித்து, அங்கே சம்பளம் வாங்கவும் அவர்கள் போகவேண்டும். அக்கா மகன் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு என்ன படிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறான். தொழில்நுட்பக் கல்லூரி விண்ணப்பப் பாரத்தை அவன் மேசையில் வைத்திருக்கிறேன், தாத்தாவின் சர்வீஸ் புத்தகத்தையும் சேர்த்து.