மரம் நடுமுன் மண்ணை அறிவோம்

திண்டுக்கல் என்றதும் பூட்டும் புகையிலையும் நினைவுக்கு வரும். தோல் பதனிடுதலும் இவ்வூரின் பழந்தொழிலே. தொப்பம்பட்டியிலிருந்து படிக்க வந்த நான் இதை உணர்ந்தது என் சித்தப்பாவின் வீட்டுமனையால்தான். மூடப்பட்ட தோல் ஷாப்பு ஒன்றின் நிலத்தில், விலை மலிவு என்று அம்மனையை வாங்கினார். வைத்த வாழையும் கறிவேப்பிலையும் இலையோரம் கருகிப் பட்டுப்போயின.

காரணம் என்ன? பச்சைத்தோல் கெடாதிருக்க உப்பிடுவர். கழுவும்போது அவ்வுப்பு கழிவுநீரோடு மண்ணில் சேரும். ஆவாரம் பட்டையின் இடத்துக்குக் குரோமிய உப்பு வந்தபின் அதுவும் சேர்ந்தது. திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகளுக்கு உச்ச நீதிமன்றம் 1996-இல் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. ஆலை மூடினாலும் மண்ணில் இறங்கியது எளிதில் போவதில்லை.

அத்தகைய நிலத்தில் குடியிருப்பும் தோட்டமும் அமைப்பது எவ்வாறு? முதலில் மண்ணையும் கிணற்று நீரையும் சோதிக்க வேண்டும். கெட்ட மேல்மண்ணை முறைப்படி அகற்றவோ, களிமண் பரப்பி மூடவோ வேண்டும். அதன்மேல் நல்ல மண்ணை மேடையிட்டுச் செடி வைக்கலாம். நிழலுக்கு, உப்பை ஓரளவு தாங்கும் புங்கும் வேம்பும் ஏற்றவை. கீரையும் கிழங்கும் வேண்டா.

மழைநீர் சேகரிப்பு தமிழகத்தில் 2003-இல் கட்டாயமாயிற்று. நல்ல ஏற்பாடே. ஆனால் நஞ்சு தங்கிய மண்ணில் உறிஞ்சு குழி வெட்டினால், இறங்கும் நீர் உப்பைக் கரைத்து நிலத்தடி நீரில் சேர்த்துவிடும். அங்கே கூரைநீரைத் தொட்டியில் பிடிப்பதே நலம்.

சித்தப்பா வெட்டிய குழியை மூடிவிட்டார். மண் சோதனை முடிவு வந்த பிறகே அஸ்திவாரம் என்கிறார். நண்பர்களே, மனை வாங்குவோர் பத்திரத்தைப் பார்ப்பதுபோல் மண்ணையும் பார்க்கட்டும்!