வாரத்து ஆடும் வட்டியில்லாக் கடனும்

ஏழாம் வகுப்பில் தனிவட்டிப் பாடம். ஆண்டுக்கு 8% என்று கரும்பலகையில் எழுதினேன். "எங்க ஊர்ல அஞ்சு வட்டி டீச்சர்" என்றாள் ஒரு மாணவி. அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் 5 ரூபாய்; ஆண்டுக்கு 60%. மக்காச்சோள விதைக்கும் உரத்துக்கும் 20,000 ரூபாய் வாங்கினால் ஓராண்டு வட்டி மட்டும் 12,000. அசல் அப்படியே நிற்கும். அன்று வகுப்பே பாடநூல் கணக்கை விட்டுவிட்டுச் சொந்த வீட்டுக் கணக்கைப் போட்டது. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது என்றேன். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வட்டியே வாங்காம யாராச்சும் கடன் கொடுப்பாங்களா?" என்று ஒருவன் கேட்டான். அதற்காகத் தேடிப் படித்ததையே இங்கே எழுதுகிறேன்.

கடன் கொடுத்து வட்டி வாங்குவதை இஸ்லாம் தடுக்கிறது. இல்லாதவருக்குக் கொடுப்பது 'கர்ழன் ஹஸனா', அழகிய கடன். கொடுத்த தொகை மட்டுமே திரும்ப வரும். அதிராம்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் பைத்துல்மால் என்ற பொதுநிதி இருக்கிறது, நன்கொடையில் நடப்பது. பாகிஸ்தானின் லாகூரில் 2001-இல் அம்ஜத் சாகிப் தொடங்கிய 'அகுவத்' அமைப்பின் முதல் கடன் 10,000 ரூபாய்தான். அங்கே பிற மதத்தவருக்கும் கடன் உண்டு. 2021-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

தொழிலுக்கு முதல் போடுவது வேறு வகை, பெயர் 'முளாரபா'. பெயர்தான் நமக்குப் புதிது. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் வாரத்துக்கு ஆடு விடுவதை நினைத்துப் பாருங்கள். ஆடு ஒருவருடையது, மேய்ப்பவர் இன்னொருவர், குட்டிகளில் ஆளுக்குப் பாதி. ஆடு நோயில் செத்தால் உடையவருக்கு ஆடு போச்சு, மேய்த்தவருக்கு உழைப்பு போச்சு. முளாரபாவிலும் அதே கணக்குதான்: லாபத்தைப் பேசியபடி பிரித்துக்கொள்வார்கள், நஷ்டம் வந்தால் முதல் போட்டவரின் பணம் போகும். வட்டிக் கடனில் ஆடு செத்தாலும் கடன் சாகாது.

சிக்கலும் உண்டு. நன்கொடை வற்றினால் அழகிய கடன் நின்றுவிடும். லாபத்தை மறைத்தால் முளாரபா குலைந்துவிடும். ரகுராம் ராஜன் குழு 2008-இல் வட்டியில்லா வங்கிச் சேவையைப் பரிந்துரைத்தது. ரிசர்வ் வங்கியோ அம்முயற்சியைத் தொடர்வதில்லை என 2017-இல் முடிவெடுத்தது.

நம் கூட்டுறவுச் சங்கத்திலும் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டியில்லை. இதைச் சொன்னதும் அந்த மாணவி, "எங்களுது குத்தகை நிலம் டீச்சர், சிட்டா எங்க பேர்ல இல்ல" என்றாள்.

மறுநாள் அஞ்சு வட்டி, கூட்டுறவுக் கடன், வாரத்து ஆடு மூன்றையும் கணக்காக்கிக் கொடுத்தேன். "ஆடு செத்துட்டா என்ன ஆகும்னும் எழுதணுமா?" என்று கேட்டார்கள். எழுதச் சொன்னேன்.