சுனை வற்றும் மலை

ஒரே மரம் நிறைந்த காட்டில் மழைநீர் தங்குவதில்லை. மலை மக்களின் அனுபவத்துக்கு ஆய்வுகளும் வலுசேர்க்கின்றன.

உத்தராகண்டின் குமாவுன் மலைக் கிராமங்களில் சுனைநீர் கசிந்து தேங்கும் கல் தொட்டிக்கு நவ்லா என்று பெயர். கோயில் போலக் கூரையிட்டுக் காத்துவந்த நவ்லாக்கள் பலவற்றில் இன்று சருகுதான் மிச்சம். இமயமலைப் பகுதியில் வற்றாத சுனைகளில் ஏறக்குறைய பாதி வறண்டுவிட்டன அல்லது பருவகாலச் சுனைகளாகிவிட்டன என்று 2018இல் எச்சரித்தது நிதி ஆயோக் அறிக்கை. அதன் விலையைக் கொடுப்பவர்கள், குடத்துடன் கூடுதல் தூரம் நடக்கும் பெண்கள்.

மலைவாசிகள் குற்றம் சாட்டுவது சீர் பைன் மரத்தை. ரயில் பாதைக் கட்டைக்காகவும் பிசினுக்காகவும் பிரிட்டிஷ் வனத்துறை ஊக்குவித்த மரம் இது. இதன் ஊசி இலைச் சருகு தரையை மூடி, மற்ற செடிகளை எளிதில் முளைக்க விடுவதில்லை. கோடையில் தீப்பற்றினால் மேல்மண்ணின் மட்கும் போய்விடும். பிறகு பெய்யும் மழை வழிந்தோட வேண்டியதுதான். பாஞ்ச் எனும் கருவாலிக் காடோ வேறு ரகம். புராஞ்ச், காஃபல், பெரணி, புதர் என்று பலவும் சேர்ந்து வளரும் அங்கே, இலைமட்கு பஞ்சு போல நீரைப் பிடித்துவைக்கிறது.

ஜெர்மனியின் யேனா நகரில் 2002இல் தொடங்கிய புல்வெளிச் சோதனை இதன் சூட்சுமத்தை விளக்குகிறது. சில பாத்திகளில் ஒரே வகைச் செடி. சிலவற்றில் 60 வகை. வகைகள் கூடக்கூட, நீர் மண்ணுக்குள் இறங்குவதும் கூடியது. மட்கு சேர்ந்து மண் பொலபொலத்தது. மண்புழுக்கள் துளையிட்டு வழி அமைத்தன. எந்தச் செடி என்பதும் முக்கியம்: பயறு வகைகள் நீர் இறங்க உதவின, புற்கள் தடுத்தன.

புல்வெளி முடிவை மலைக்காட்டுக்கு அப்படியே பொருத்த முடியாது. பாறை அடுக்கின் அமைப்பு, மலையைக் குடையும் சாலைகள் என்று சுனையின் விதியைத் தீர்மானிப்பவை பல. ஆனால் மேல்மண் வழிவிட்டால்தான் பாறைக்கே நீர் போய்ச் சேரும்.

பௌரி கட்வால் மாவட்டத்து உஃப்ரைங்கால் வட்டாரம் இதற்குச் சாட்சி. பள்ளி ஆசிரியர் சச்சிதானந்த பாரதி 1980களிலிருந்து கிராமப் பெண்களைத் திரட்டி, சரிவுகளில் சிறு குழிகள் வெட்டி, அகல இலை மரங்களை வளர்த்தார். வறண்டு கிடந்த ஓடையில் மீண்டும் நீர் வந்தது. மக்கள் அதற்குக் காட்கங்கா என்று பெயரிட்டார்கள்.

இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் கணக்கில், குறைந்தது 1 ஹெக்டேர் நிலத்தில் 10 சதவீத மர விதானம் இருந்தால் அது வனப்பரப்பு. என்ன மரம் என்பது பொருட்டல்ல. சுனைகளுக்கோ அதுதான் வாழ்வா சாவா என்ற கேள்வி.