டாக்டருக்கும் பரீட்சை உண்டா?

மும்பைக்கு வந்து சேர்ந்த நம்மவர்கள் டாக்டரைத் தேர்ந்தெடுக்கும் விதமே தனி. முதல் கேள்வி, "தமிழ் பேசுவாரா?" அடுத்தது, "கைராசிக்காரரா?" ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு நெஞ்சு படபடப்பதை இந்தியில் சொல்ல வராது. அதனால் முதல் கேள்வியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. அதை நாம் கேட்பதே இல்லை: "முப்பது வருடத்துக்கு முன் பட்டம் வாங்கியவர், அதற்குப் பின் என்ன படித்தார்?"

மருத்துவம் நின்ற இடத்திலேயே நிற்பதில்லை. இதய நோய் இல்லாத முதியவர்களுக்கும் முன்னெச்சரிக்கையாகத் தினம் ஓர் ஆஸ்பிரின் எழுதித் தருவது நெடுங்கால வழக்கம். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,000-க்கும் அதிகமான முதியவர்களிடம் நடந்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. அவர்களுக்கு இதயநோய் குறிப்பிடும்படி குறையவில்லை, ரத்தக்கசிவுதான் கூடியது. (இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் கணக்கே வேறு.) இந்தச் செய்தி நம் டாக்டரை எட்டியதா என்பதை யார் பார்ப்பது?

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வியில் டாக்டர்கள் பங்கேற்க வேண்டும். மகாராஷ்டிர மருத்துவக் கவுன்சில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது இதைக் கேட்கிறது. 2020-இல் இந்தியக் கவுன்சில் போய் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. அது 2023 ஆகஸ்டில் கொண்டுவந்த புதிய விதிகள் அதே மாதம் நிறுத்தி வைக்கப்பட்டு, பழைய விதிகளே திரும்பின.

வருடத்துக்கு ஆறு மணி நேரம்! அதிலும் பெரும்பாலும் கணக்கில் வருவது கருத்தரங்கில் உட்கார்ந்த நேரம்தான். மனத்தில் ஏறியது அல்ல.

பிரிட்டனில் 2012 டிசம்பர் முதல் வேறு ஏற்பாடு. டாக்டரின் வேலை ஆண்டுதோறும் மதிப்பிடப்படுகிறது. ஐந்தாண்டுக்குள் ஒருமுறையாவது சக ஊழியர்களிடமும் நோயாளிகளிடமும் கருத்துக் கேட்கிறார்கள். வந்த புகார்களையும் பார்க்கிறார்கள். அதன் பிறகே உரிமம் தொடர்கிறது.

டாக்டர் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "பரீட்சை வைத்தால் புத்தகப் புழுக்கள் ஜெயித்துவிடும் சார். நோயாளி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறவரை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" என்றார். நியாயம்தான். அதனால்தான் நோயாளியிடமும் கேட்கும் முறை எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்படியொரு முறை இங்கே வரும்வரை நாம் செய்யக்கூடியவை சில உண்டு. மருந்துச் சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும் என்பது விதி. இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். கேட்டு வாங்கி வையுங்கள். குறை இருந்தால் மாநிலக் கவுன்சிலில் புகார் செய்யலாம். கட்டணம் வாங்கும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே சொல்லிவிட்டது.

எல்லாவற்றையும் விட எளிய வழி ஒன்று. வருடத்துக்கு ஒருமுறை வீட்டுப் பெரியவர்களின் மாத்திரைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். "டாக்டர், இதெல்லாம் இன்னும் வேண்டுமா?" என்று பணிவாகக் கேளுங்கள். படிக்கிற டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் தமிழ் பேசுகிறவராகவும் இருந்துவிட்டால், பாட்டியே நேரில் கேட்டுவிடலாமே!