முன்னாள் ராணுவத்தினருக்கு டிஸ்கவுண்ட் கொடுக்கலாமா? சின்ன ஆபீஸ் நடத்துறவங்களுக்கு ஒரு கணக்கு

வேலூரில் ஒரு சின்ன டாக்ஸ் கன்சல்டன்ட் ஆபீஸ் என்று வைத்துக்கொள்வோம். ஜூலை மாதம், கூட்டம் நெரிகிறது. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய வந்த பெரியவர் ஃபைலை மேஜையில் வைத்துவிட்டு, கொஞ்சம் தயங்கிக் கேட்கிறார்: "தம்பி, நான் எக்ஸ் சர்வீஸ்மேன். ஃபீஸ்ல ஏதாவது குறைச்சுக்குவீங்களா?"

"பாத்துக்கலாம் சார்" என்கிறார் கன்சல்டன்ட். பக்கத்தில் காத்திருக்கும் அம்மா உடனே கேட்கிறார்: "எங்க வீட்டுக்காரரும் பிஎஸ்எஃப்ல இருந்து ரிட்டயர் ஆனவர்தான். எங்களுக்கும் உண்டா?"

இப்போ என்ன பதில் சொல்றது? ஆடிட்டர், வக்கீல், பிசியோதெரபிஸ்ட், போட்டோகிராபர், வெப் டிசைனர் என்று சின்ன அளவில் தொழில் செய்யும் யாருக்கும் இந்தக் கேள்வி வரலாம். வருவதற்கு முன்பே பதிலை யோசித்து வைப்பது நல்லது.

இந்த எதிர்பார்ப்பு எங்கிருந்து வருது?

நியாயமான இடத்திலிருந்துதான். 1948-ல் தொடங்கிய சிஎஸ்டி கேன்டீனில் ராணுவத்தினருக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் பொருட்கள் வெளிச்சந்தையை விடக் குறைந்த விலையில் கிடைக்கின்றன. சில விமான நிறுவனங்கள் டிக்கெட்டில் சலுகை தருகின்றன. அமெரிக்காவில் நவம்பர் 11, வெட்டரன்ஸ் டே அன்று பல ஓட்டல்கள் இலவசமாகவே சாப்பாடு போடுகின்றன.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கு. விமானத்தில் காலியாகப் போகும் சீட்டைக் குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் நிறுவனத்துக்கு வரவுதான். சின்ன ஆபீஸ் விற்பது உழைப்பு நேரத்தை. ஜூலை மாதத்தில் அது காலியாகவே இருக்காது.

10% கொடுத்தா எவ்வளவு போகும்?

ஒரு வேலைக்கு ஃபீஸ் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாடகை, உதவியாளர் சம்பளம், சாஃப்ட்வேர் எல்லாம் சேர்த்து அதில் 1,500 ரூபாய் செலவு. மிச்சம் 500.

10% டிஸ்கவுண்ட் கொடுத்தால் குறைவது 200 ரூபாய். ஃபீஸில் அது 10%. ஆனால் கையில் நிற்கும் லாபத்தில் 40%.

இது ஊரைப் பொறுத்தும் மாறும். பத்து வாடிக்கையாளரில் ஒருவர் மட்டும் முன்னாள் ராணுவத்தினர் என்றால், மொத்த லாபம் 5,000-லிருந்து 4,800 ஆகும். பெரிதாகத் தெரியாது. அதுவே பத்தில் ஆறு பேர் என்றால் 3,800. கிட்டத்தட்ட கால்வாசி லாபம் காலி. வேலூர் மாவட்டத்தில் 'ராணுவப்பேட்டை' என்றே பெயர் வாங்கிய கம்மவான்பேட்டை போன்ற ஊர்ப் பக்கம் ஆபீஸ் போட்டிருப்பவருக்கு, இந்த இரண்டாவது கணக்குதான் பொருந்தும். சென்னையில் ஒருவர் கொடுக்கிறார் என்பதற்காக அதே சலுகையை அங்கேயும் கொடுக்க முடியாது.

ஃபீஸை முதலில் 2,200 ஆக்கிவிட்டு பிறகு 'குறைத்தால்' என்ன? அதுக்குப் பேர் மரியாதை இல்லை. தெரிந்தால் அந்தப் பெரியவர் திரும்ப வரமாட்டார்.

யாரெல்லாம் 'முன்னாள் படைவீரர்'?

தரைப்படை, கடற்படை, விமானப்படையில் பணியாற்றி, அரசின் வரையறைக்குள் வருபவர்கள்தான் அரசுக் கணக்கில் முன்னாள் படைவீரர்கள். பிஎஸ்எஃப், சிஆர்பிஎஃப் போன்றவை உள்துறை அமைச்சகத்தின் கீழ் வரும் மத்திய ஆயுதப் படைகள். எல்லையில் நின்றிருந்தாலும் அவர்கள் இந்த வரையறைக்குள் வருவதில்லை.

அடுத்து அக்னிவீரர்கள். 2022-ல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு 4 ஆண்டுப் பணி. அதன்பின் அதிகபட்சம் 25% பேருக்குத்தான் படையில் தொடர வாய்ப்பு. மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியோடு, பென்ஷன் இல்லாமல், இருபதுகளிலேயே வெளியே வருவார்கள்.

அரசு எங்கே கோடு போட்டிருக்கிறதோ அங்கேயே நீங்களும் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் எங்கே என்று முன்கூட்டியே முடிவு செய்து எழுதி வைங்க. இல்லாவிட்டால் அந்த பிஎஸ்எஃப் வீட்டம்மாவுக்கு உங்கள் அன்றைய மூடுதான் பதில் சொல்லும்.

அடையாள அட்டையை ஒருமுறை பார்த்தால் போதும். டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆணை எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து வைக்காதீங்க. தேவையில்லாத தனிப்பட்ட தகவல், நாளைக்கு உங்களுக்கே தலைவலி.

வாசலில் போர்டு வைக்கலாமா?

போட்டோகிராபரோ வெப் டிசைனரோ தாராளமாக வைக்கலாம். வக்கீலும் ஆடிட்டரும் கவனமாக இருக்க வேண்டும். விளம்பரம் செய்து வழக்குப் பிடிப்பதை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. சார்ட்டர்டு அக்கவுன்டன்ட்ஸ் சட்டம், 1949-ன் முதல் அட்டவணையும் விளம்பரம் மூலம் வாடிக்கையாளரைத் தேடுவதைத் தொழில் ஒழுங்கு மீறலாகத்தான் பார்க்கிறது. டாக்டர்களுக்கும் விளம்பரக் கட்டுப்பாடு உண்டு. வந்தவரிடம் ஃபீஸைக் குறைத்து வாங்குவது வேறு, 'ராணுவத்தினருக்கு 20% தள்ளுபடி' என்று போஸ்டர் போடுவது வேறு.

ஜிஎஸ்டி பதிவு இருந்தால் சலுகையை பில்லிலேயே தனி வரியாகக் காட்டுங்க. அப்போது குறைத்த தொகைக்கு மட்டும்தான் வரி. 2,000 ரூபாய்க்கு 18% ஜிஎஸ்டி சேர்த்தால் 2,360. 10% குறைத்து 1,800 என்றால் வரியோடு 2,124.

அப்போ கொடுக்கணுமா, வேண்டாமா?

கொடுக்கலாம். ஆனால் எல்லா வேலைக்கும் எல்லாருக்கும் ஒரே சதவீதம் என்பது சின்ன ஆபீஸுக்குச் சரிவராது. அதைவிட, அவர்களுக்கு நிஜமாகவே தேவைப்படும் ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து, அதை இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ நன்றாகச் செய்வது மேல்.

ராணுவ பென்ஷன் இப்போது 'ஸ்பர்ஷ்' என்ற ஆன்லைன் தளம் வழியாக நடக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும். ஓடிபி வரவில்லை, பெயரில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது என்றால் எழுபது வயதுக்காரருக்கு அது பெரிய அலைச்சல். கணவர் இறந்தபின் குடும்ப பென்ஷனுக்கு மாற்றும் நேரத்தில் மனைவிக்கு வரும் பேப்பர் வேலை இன்னும் கடினம். ஊனத்தால் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவரின் ஊன பென்ஷனுக்கு வருமான வரி விலக்கு உண்டு. இது தெரியாமல் கணக்குப் போடும் கன்சல்டன்ட் 200 ரூபாய் குறைத்து என்ன பயன்?

இதில் சில வேலைகளுக்குக் காசே தேவையில்லை. மாவட்டத்திலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவி கேட்கலாம். "சார், இதுக்கு என்கிட்ட காசு கொடுக்க வேண்டாம், அங்க போங்க" என்று வழிகாட்டுவதும் சேவைதான்.

'நர்ஸுக்கு ஏன் இல்லை, தூய்மைப் பணியாளருக்கு ஏன் இல்லை?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. யாருடைய உழைப்பு உசத்தி என்று தீர்ப்பு சொல்வது உங்கள் வேலை இல்லை. பணம் கட்ட முடியாதவருக்குத் தவணை, குறைந்த ஃபீஸ் என்று ஒரு வழி எல்லாருக்கும் திறந்திருந்தால், இந்தத் தனிச் சலுகை யாரையும் உறுத்தாது.

மறுபடியும் அந்த ஜூலை மாதத்துக்கு வருவோம். பெரியவர் கேட்கிறார். இந்த முறை கன்சல்டன்டிடம் பதில் தயார்: "சார், ரிட்டர்னுக்கு எல்லாருக்கும் ஒரே ஃபீஸ்தான். ஆனா உங்க பென்ஷன் பேப்பரைப் பார்த்து, ஸ்பர்ஷ்ல ஏதாவது பிரச்சனை இருந்தா சரிபண்ண காசு வாங்க மாட்டோம்." பிறகு பக்கத்தில் திரும்பி, "அம்மா, சார் வாங்குற பென்ஷன் பேப்பரையும் கொண்டு வாங்க. அது வேற ஆபீஸ் வழியா வரும், ஆனா பார்த்துத் தர்றதுக்கு உங்களுக்கும் காசு இல்ல."