அறுபத்தைந்தில் நாற்பத்துநான்கு போனால்

2013இல் நெடுந்தீவுக்கு ஒரு ஜார் கோப்பைப் பென்ட்ரைவில் கொண்டுபோனேன். யாழ்ப்பாணத்தில் ஒரு நெற் கஃபேயில் இறக்கி, குறிகட்டுவான் வரை பஸ், பிறகு ஒரு மணித்தியாலக் கடல். சேர்ட் பைக்குள் இருந்த பென்ட்ரைவில் உப்புத்தண்ணீர் படாமல் கையால் பொத்திக்கொண்டே போனது நினைவிருக்கிறது.

அப்போது அன்ட்ரொய்ட் செயலி எழுதுவது எக்லிப்ஸில். வேண்டிய நூலகங்களை ஜார் கோப்புகளாக 'லிப்ஸ்' கோப்புறைக்குள் நாங்களே தூக்கிப் போடவேண்டும். என் செயலியிலும் அது நம்பியிருந்த இன்னொரு புரொஜெக்டிலும் 'சப்போர்ட் வி4' ஜார் ஒவ்வொன்று கிடந்தது. பெயர் ஒன்று, உள்ளடக்கம் வேறு. 'ஜார் மிஸ்மேட்ச்' என்று எக்லிப்ஸ் கத்தும். ஒன்றை அழித்து, மற்றதை இரண்டு இடத்திலும் ஒட்டினால் வாயை மூடும். எது புதியது, எது பழையது? கோப்பின் பெயரைப் பார்த்துச் சொல்லமுடியாது. பழைய நாளைப் புகழ்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இப்போது கிரேடில் என்ற பில்ட் கருவி வந்து எல்லாவற்றுக்கும் இலக்கம் போட்டு, தானே இணையத்திலிருந்து இறக்கிக்கொள்கிறது. ஆனால் யாவா, கிரேடில், அன்ட்ரொய்ட் ப்ளகின் என்ற மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவேண்டும். ப்ளகின் 8 என்றால் யாவா 17 இல்லாமல் அசையாது.

போன வருடம் ஊரிலிருந்து மருமகன் எடுத்தான்.

"மாமா, நேற்றுவரைக்கும் ஓடினது. நான் ஒண்டும் தொடேல்லை."

"அன்ட்ரொய்ட் ஸ்டூடியோவை அப்டேட் பண்ணினியோ?"

"ஓம்... அது கேட்டது, குடுத்தன்."

அவனுடையது ஃப்ளட்டர் செயலி. திரையில் 'அன்சப்போர்ட்டட் க்ளாஸ் ஃபைல் மேஜர் வேர்ஷன் 65'. அந்த 65இல் 44ஐக் கழித்தால் 21: யாவாவின் பதிப்பு. 61 என்றிருந்தால் 17, 55 என்றால் 11. இந்தக் கழித்தல் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 2024இன் கடைசியில் வந்த லேடிபக் ஸ்டூடியோ தன்னோடு யாவா 21ஐயும் கொண்டுவந்தது. வேறு சொல்லாவிட்டால் ஃப்ளட்டர் எடுப்பதும் அதைத்தான். மருமகனின் கிரேடில் 7.6. யாவா 21இல் ஓடுவதற்குக் குறைந்தது 8.5 வேண்டும். அவன் எழுதிய வரிகளில் ஒரு பிழையும் இல்லை.

அவன் கொம்பியூட்டரில் யாவா 17 ஏற்கெனவே கிடந்ததால், 'ஃப்ளட்டர் கொன்ஃபிக்'கில் 'ஜேடிகே டிர்' என்று அந்தக் கோப்புறையைக் காட்டச் சொன்னேன். ஓடிவிட்டது. அவசரத்துக்கு அது போதும். ஆனால் வருடக்கணக்காக அப்படியே விட்டால் நூலகங்கள் ஒவ்வொன்றாகப் புதிய ப்ளகின் கேட்கத் தொடங்கும். ஆகவே கிரேடிலையும் ப்ளகினையும் சேர்த்தே ஏற்றவேண்டும் என்பது என் பிடிவாதம். ஒன்றை மட்டும் ஏற்றினால் வேறொரு எரர் வரும்.

கிரேடிலின் பதிப்பு எழுதியிருப்பது 'கிரேடில் ராப்பர்' கோப்பின் ஒரு வரியில்தான். மருமகன் அந்த இலக்கத்தை மாற்றினான். புதிய கிரேடில் நூறு எம்பிக்கு மேற்பட்ட சிப் கோப்பாக இறங்கத் தொடங்கியது. பாதியில் சிக்னல் போனது. மறுபடி ஓட்டினால், அரைகுறைச் சிப்பைத் திறக்கப் பார்த்து 'சிப் எண்ட் ஹெடர் நொட் ஃபவுண்ட்' என்கிறது. அதைப் பார்த்து அவன் ராப்பர் கோப்பை மூன்று தரம் மாற்றி எழுதியிருந்தான். பிழை அங்கே இல்லை. ஹோம் கோப்புறைக்குள் ஒளிந்திருக்கும் '.கிரேடில்'இல் 'டிஸ்ட்ஸ்' என்பதற்குள் போய், அந்த அரைச் சிப் கிடந்த கோப்புறையை அழிக்கச் சொன்னேன். திரும்ப இறக்கினான், திரும்ப அறுந்தது.

சனிக்கிழமை நான் ஊருக்குப் போகிற நாள். முழுச் சிப்பையும் யாழ்ப்பாணத்தில் இறக்கிப் பென்ட்ரைவில் போட்டுக்கொண்டு குறிகட்டுவானில் படகு ஏறினேன்.