கழுவியும் தீராத அழுக்கு

"சுவாமி, இவ பைப்படியை விட்டு வாறாவில்லை. தண்ணி பில்லைக் காட்டி வீட்டுக்காரர் ஏசுறார்" என்று முறையிட்டார் கணவர். வன்னியில் வயல் செய்தவர்கள். இப்போது கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறார்கள். அந்தத் தாயின் கைகள் வெடித்து இரத்தம் கசிந்தன.

"ஊத்தை இல்லை எண்டு எனக்கும் தெரியும் சுவாமி. ஆனால் கழுவாட்டிப் பிள்ளையளுக்கு ஏதும் நடந்திடும் எண்டு மனம் சொல்லுது" என்றார் அவர்.

உறவினர் செய்வினை என்றனர். இது எண்ணச்சுழற்சி நோய். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் பூட்டிய கதவைப் பத்துத்தரம் இழுத்துப் பார்ப்பவரை வாட்டுவதும் இதுவே. வேண்டாத எண்ணமொன்று வந்து அச்சமூட்டுகிறது. அதைத் தணிக்கக் கழுவுகிறோம். ஆறுதல் சிறிது நேரந்தான். பயம் மீண்டும் வருகிறது. தண்ணீர் பாயப் பாய வாய்க்கால் ஆழமாவது உழவருக்குத் தெரியாததா?

எந்நேரமும் கூட்டிக்கொண்டேயிருந்த சம்முஞ்சனி என்ற பிக்குவைப் பழைய பௌத்த நூல்கள் கூறுகின்றன. இதை எடுத்துக்காட்டியவர் இலங்கையில் பிறந்த உளவியலாளர் பத்மல் டி சில்வா. அவரும் ராக்மனும் 1978இல் வெளியிட்ட ஆய்வில், நோயற்றவர்களிலும் ஐவரில் நால்வருக்கு இத்தகைய எண்ணங்கள் வருவதாகக் கண்டனர். ஆகவே அவை வருவது பாவமுமல்ல, பைத்தியமுமல்ல.

புனித இஞ்ஞாசியாரும் 1522இல் மன்ரேசாவில், அறிக்கையிட்ட பாவங்களையே மீண்டும் மீண்டும் அறிக்கையிட்டுத் தவித்தார். இனிப் பழையவற்றை அறிக்கையிடுவதில்லை எனத் தீர்மானித்தபின்பே அமைதி கண்டார்.

1966இல் விக்டர் மேயர் லண்டனில் வெளியிட்ட சிகிச்சை முறையும் இதற்கு நெருங்கியதே. அஞ்சும் பொருளைத் தொடவேண்டும்; ஆனால் கழுவக்கூடாது. முதலில் சிறு பயம், பிறகு பெரிய பயம் எனப் படிப்படியாகப் பழகினால் பயம் தானே தணியும். புளுஒக்செற்றீன் போன்ற குளிசைகளும் உதவும். முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் செல்லலாம். வைத்தியரைக் கேளாமல் நிறுத்தவேண்டாம்.

வீட்டார் ஏசவேண்டாம். "ஊத்தை இல்லை" என்று நூறுதரம் உறுதி சொல்லவும் வேண்டாம். அதுவும் வாய்க்காலுக்குத் தண்ணீர்தான். "பயமாக இருக்கும், நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்றால் போதும். அரசாங்க வைத்தியசாலைகளின் மனநலக் கிளினிக்குகளில் சிகிச்சை இலவசம். தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் 1926.

அந்தத் தாய் இப்போது கிளினிக்குக்குப் போகிறார். மகனின் பள்ளிக்கூடப் பையைத் தொட்டுவிட்டுப் பத்து நிமிடம் கழுவாமல் இருக்கப் பழகுகிறார். அந்தப் பத்து நிமிடமும் கணவர் அருகே இருக்கிறார்.